நிறுத்திய இடத்தில் தாழ்ந்துபோகும் கார்: ஏர் சஸ்பென்ஷன் கோளாறைப் படிப்படியாகக் கண்டறிதல்

இரவு நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு பக்கம் படுத்துக் கிடக்கிறது. அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே சஸ்பென்ஷன் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அல்லது நேற்று வரை மெத்தைபோல் ஓடிய வண்டி இன்று ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப்போடுகிறது. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் உள்ள எங்கள் பணிமனைக்கு ஏர் சஸ்பென்ஷன் கொண்ட, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று தாங்கும் கார்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒரு குறையோடுதான் வருகின்றன.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் எடுத்த எடுப்பிலேயே காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். அது காட்டும் கோடை, அதாவது கோளாறுக் குறியீட்டை, படித்துவிட்டுக் கம்ப்ரசரை மாற்றிவிடுகிறார்கள். சில வாரங்களில் அந்தப் புதுக் கம்ப்ரசரும் சூடேறி நின்றுவிடுகிறது. காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் காற்றடிக்கும் கருவியை மாற்றினால் அப்படித்தான் ஆகும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் கிடைத்த விடையை நம்பித்தான் நிற்கிறது.

1. வேலை தொடங்கும் முன் மனத்தில் இருக்க வேண்டிய படம்

சாதாரணக் காரில் சுருள் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் இந்தக் கார்களில் நூலிழை வைத்த ரப்பர் உறை ஒன்று இருக்கிறது. இதைப் பெல்லோ என்கிறோம். சிலர் ஏர் பேக் என்றும் சொல்வார்கள். விபத்தில் விரியும் ஏர் பேக்கோடு குழம்பிவிடும் என்பதால் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் அப்படி எழுத வேண்டாம். டயரில் ஏறக்குறைய 2.3 பார் (காற்றழுத்த அளவு) காற்று இருக்கும்போது, பெல்லோவில் பொதுவாக 5 முதல் 10 பார் வரை இருக்கும்.

கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து, சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்தியின் வழியாக வால்வ் பிளாக்குக்கு அனுப்புகிறது. எந்த மூலைக்குக் காற்று வேண்டுமோ அந்த மூலையின் வால்வை வால்வ் பிளாக் திறந்துவிடுகிறது. பாடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சக்கரங்களின் அருகே உள்ள லெவல் சென்சார்கள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன.

கார் தாழ வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் உலர்ந்த காற்று அதே உலர்த்தியின் வழியே திரும்பி வெளியேறுகிறது. போகும்போது சிலிக்கா ஜெல் பிடித்துவைத்திருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசரும் வால்வ் பிளாக்கும் சாவதற்கான காரணத்தை 9ஆம் படியில் பார்க்கும்போது இது தேவைப்படும்.

2. கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, மாஸ்கிங் டேப், பேனா, நோட்டு ஆகியவைதான் முதல் கருவிகள். அவற்றோடு மல்டிமீட்டர், பிடி வைத்த சிறிய கண்ணாடி, டார்ச், சோப்புக் கரைசல் நிரப்பிய தெளிப்பான், பேட்டரி சார்ஜர், பளு தாங்கும் ஸ்டாண்டுகள், காற்றுக்குழாயை நேராக வெட்டும் கட்டர் ஆகியவை வேண்டும்.

ஸ்கேனர் அந்தந்த கம்பெனிக் காரின் சஸ்பென்ஷன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசக்கூடியதாக இருக்க வேண்டும். விலை குறைந்த பொது ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டும் படித்துவிட்டுக் ‘கோளாறு இல்லை’ என்று காட்டும். அதை நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

சமதளத் தரை கட்டாயம். நம் மாவட்டத்தில் வீட்டு முற்றங்களை மழைநீர் வழிந்தோடுவதற்காகச் சற்றுச் சரிவாகவே போடுவார்கள். அங்கே நிற்கும் காரை அளந்தால் இல்லாத சாய்வைத் தேடி அரை நாள் போய்விடும்.

3. காரின் அடியில் கை வைப்பதற்கு முன்

காற்றின் மேல் மட்டும் நிற்கும் காரின் அடியில் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. ஒரு வால்வு திறந்தால் போதும், இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை சில நொடிகளில் இறங்கிவிடும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியும் அதே அளவு ஆபத்தானது. சோப்புத் தண்ணீர் அடிக்கும்போது விரல்கள் அங்கேதான் இருக்கும்.

ஜாக்கி வைக்கும் முன், கார் தன்னைச் சமப்படுத்திக்கொள்வதை நிறுத்திவைக்கும் ஜாக் மோடைப் போட வேண்டும். போடாமல் தூக்கினால், பாடி தன்னால் உயர்ந்துவிட்டதாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி நினைத்துக்கொண்டு பெல்லோவிலுள்ள காற்றை வெளியேற்றத் தொடங்கும். டயர் கடையில் சக்கரம் மாற்றிய மறுநாளே சஸ்பென்ஷன் கோளாறு என்று வரும் கார்களில் பலவற்றின் கதை இதுதான்.

குழாய் இணைப்பைக் கழற்றும் முன், அந்த மூலையின் காற்றை ஸ்கேனர் கட்டளையால் இறக்கிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள்.

4. உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை

எந்த மூலை முதலில் தாழ்ந்தது, எத்தனை மணி நேரத்தில் தாழ்ந்தது, என்ஜினை ஓடவிட்டதும் எழுந்ததா, கம்ப்ரசர் ஓடும் இரைச்சல் அண்மைக் காலத்தில் அடிக்கடி கேட்டதா, கடைசியாக எந்த வேலை பார்த்தார்கள் என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘சஸ்பென்ஷன் சரியில்லை’ என்று சுருக்கி எழுதினால் துப்பு முழுவதும் போய்விடும்.

இன்னொரு கேள்வி நம் ஊருக்கே உரியது: கார் எத்தனை மாதம் நின்றது? வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறையில் வந்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு, மீதி மாதங்களெல்லாம் போர்டிகோவில் மூடி வைத்துவிட்டுப் போகும் கார்கள் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் நிறைய உண்டு. அப்படி நிற்கும் காரில் பேட்டரி இறங்கியிருக்கும். பெல்லோ ஒரே மடிப்பில் கிடந்து அந்த இடத்தில் வெடித்திருக்கும். எலி காற்றுக்குழாயையும் வயரையும் கடித்திருக்கும். இம்மூன்றும் ஒரே காரில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்போது முதலில் அகப்பட்ட ஒன்றைச் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிடக் கூடாது.

5. பேட்டரி

என்ஜின் ஓடாதபோது பேட்டரியில் குறைந்தது 12.4 வோல்ட் இருக்க வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 12.6 காட்டும். மின்னழுத்தம் குறைந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் பொய்க் கோடுகளை எழுதிவைக்கும், கம்ப்ரசரையும் ஓடவிடாது. முதலில் சார்ஜ் போடுங்கள். சோதனை முடியும் வரை சார்ஜரைக் கழற்ற வேண்டாம்.

6. அளவெடுத்தல்: ஓர் இரவு காத்திருங்கள்

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் டயர்க் காற்றும் கணக்கில் கலந்துவிடும். நாடாவை வைத்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நேரத்தையும் அளவையும் அதன்மேலேயே எழுதுங்கள். காலையில் வேறொருவர் அளந்தாலும் அதே புள்ளியில்தான் அளப்பார்.

அளந்து முடித்ததும், காரைப் பூட்டுவதற்கு முன், சஸ்பென்ஷன் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். இதுதான் இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. பல கார்கள் அணைத்த பிறகும் இடையிடையே விழித்துக்கொண்டு தம்மைச் சமப்படுத்திக்கொள்கின்றன. ஒரு மூலை கசிந்து இறங்கினால், நன்றாக இருக்கும் மற்ற மூலைகளின் காற்றையும் வெளியேற்றி, கார் முழுவதையும் அந்தத் தாழ்ந்த மூலைக்குச் சமமாக இறக்கிவிடும். காலையில் நான்கு மூலைகளும் தரையில் கிடப்பதைப் பார்ப்பவர் வால்வ் பிளாக் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் கசிவது ஒரே ஒரு பெல்லோவாக இருக்கும். ஃபியூஸ் இல்லாதபோது வால்வுகள் மூடியே இருப்பதால், ஒவ்வொரு மூலையும் தன் கசிவை மட்டுமே காட்டும்.

அண்மையில் வந்த ஒரு காரில் மாலை 6 மணிக்கு முன் இடது 402, முன் வலது 401, பின் இடது 395, பின் வலது 396 என்று இருந்தது. காலை 7 மணிக்கு அதே வரிசையில் 399, 398, 391, 338. வீட்டில் நிறுத்தியபோது நான்கும் தரையோடு தரையாகக் கிடந்த அதே கார்தான் இது. இரவில் காற்று குளிர்ந்து சுருங்குவதால் எல்லா மூலைகளும் சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு. பின் வலது மட்டும் 58 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறதே, தேட வேண்டிய இடம் அதுதான்.

7. இப்போது ஸ்கேனர்

ஃபியூஸை மீண்டும் போட்டு, கோடுகளைப் படித்து, எத்தனை முறை வந்தன, எப்போது வந்தன என்ற விவரங்களோடு சேமித்துக்கொள்ளுங்கள். உடனே அழித்துவிடாதீர்கள், அழித்த கோடு மறுபடி வருவதற்குச் சில நாள்கள் ஆகலாம்.

‘கம்ப்ரசர் அதிக நேரம் ஓடியது’, ‘அதிக வெப்பம்’, ‘உயரம் எட்டப்படவில்லை’ போன்ற கோடுகள் விளைவைச் சொல்பவை. காரணத்தைச் சொல்பவை அல்ல. கசிவு இருந்தாலும் வரும், தேய்ந்த கம்ப்ரசராலும் வரும், மின்னிணைப்புக் குறையாலும் வரும்.

அடுத்து, சென்சார்கள் அந்த நொடியில் சொல்வதைக் காட்டும் லைவ் டேட்டாவில் நான்கு உயர அளவுகளையும் பார்த்து, நாடாவில் எடுத்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். நாடா தாழ்வு என்று சொல்ல, ஸ்கேனரும் தாழ்வு என்று சொன்னால், கோளாறு காற்றில் இருக்கிறது. 8ஆம் படிக்குச் செல்லுங்கள். நாடா தாழ்வு என்று சொல்லும்போது ஸ்கேனர் சரியான உயரம் என்று சொன்னால், சென்சார் பொய் சொல்கிறது; 10ஆம் படிக்குத் தாவலாம்.

8. கசிவைத் தேடுதல்

என்ஜினை ஓடவிட்டு, காரை அதன் மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றுங்கள். பெல்லோவின் அடிப்பகுதி, அதைத் தாங்கும் பிஸ்டன் என்ற உருளையின் மேல் உள்நோக்கி மடிந்து உருளும். வெடிப்பு அந்த மடிப்பில்தான் தொடங்கும். கார் தாழ்ந்திருக்கும்போது மடிப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். உயர்த்தினால் வெளியே வரும். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு, பழைய ரப்பரை இழுத்துப் பிடித்தால் மெல்லிய குறுக்குக் கோடுகள் வாய் திறப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கோடுகளை இங்கே தேடுங்கள். மேற்பரப்பில் லேசான கோடுகள் இருப்பதால் மட்டும் பெல்லோவைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது; உள்ளேயுள்ள நூலிழை தெரிந்தால் அது மாற்ற வேண்டிய பெல்லோ.

சோப்புக் கரைசல் தண்ணீர்போல் இளக்கமாக இருக்க வேண்டும். புதியவர்கள் நுரை பொங்கப் பொங்கக் கலக்கித் தெளிக்கிறார்கள். ஏற்கெனவே நுரையாக இருக்கும் இடத்தில் கசிவின் நுரை எப்படித் தெரியும்? செம்மண் படிந்த பெல்லோவை முதலில் வெறும் தண்ணீரால் கழுவி, துடைத்து, பிறகு கரைசலை மெல்ல வழியவிட்டு, குறைந்தது இரண்டு நிமிடம் பாருங்கள். சிறு கசிவில் குமிழி பெரிதாக வராது. கடுகளவு வெள்ளை நுரை ஓரிடத்தில் மெல்லத் திரண்டு நிற்கும், துடைத்தால் அதே இடத்தில் மறுபடி திரளும்.

மேலே சொன்ன காரில் வெளிப்பக்கமெல்லாம் சுத்தமாக இருந்தது. பெல்லோவின் பின்னால், உட்பக்கம் பார்த்த மடிப்பில் கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தபோதுதான் நகக்கண் அளவில் ஒரு வெடிப்பும், அதன் ஓரத்தில் நுரை துளிர்த்து நிற்பதும் தெரிந்தன. அதுவும் கார் வழக்கமான உயரத்துக்கு இறங்கியபோது மட்டும் கசிந்தது. உயரே இருந்தபோது வாய் மூடிக்கொண்டது. ஆகவே உயர்ந்த நிலை, வழக்கமான நிலை, தாழ்ந்த நிலை என்று மூன்றிலும் பாருங்கள்.

பார்க்கும் வரிசை: பெல்லோவின் மடிப்பு, மேலும் கீழும் ரப்பரைப் பிடித்திருக்கும் வளையங்கள், மேல் முனையில் குழாய் சேரும் இணைப்பு, குழாய் பாடியில் உரசும் இடங்கள், கடைசியாக வால்வ் பிளாக்கின் இணைப்புகள்.

எங்கும் நுரை வரவில்லை, ஆனாலும் மூலை இறங்குகிறது என்றால், காற்று வால்வ் பிளாக்கின் உள்ளே கசிந்து கம்ப்ரசரின் வெளியேற்றும் வழியாகப் போகலாம். அந்த வழியில் ஒரு சிறு ஹோஸை மாட்டி, மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீரில் மூழ்க வைத்து, காரை அணைத்து ஃபியூஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். குமிழிகள் விடாமல் வந்தால் அந்த மூலையின் வால்வும் வெளியேற்றும் வால்வும் சேர்ந்தே மூடாமல் இருக்கின்றன என்று பொருள். மூலை வால்வு மட்டும் கசிந்தால், காற்று பிளாக்கின் உள்வழி வரை வந்து அங்கேயே நின்றுவிடும்.

9. கம்ப்ரசர், ரிலே, உலர்த்தி

கசிவைக் கண்டு சரிசெய்த பிறகே இந்தப் படி. கசிவு இருக்கும் காரில் கம்ப்ரசரைச் சோதிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிணற்றில் ஊற்று இல்லை என்பதுபோல் ஆகிவிடும்.

கம்ப்ரசர் ஓடவே இல்லை என்றால் ஃபியூஸையும், கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். ஓடுகிறது, ஆனால் வலுவில்லை என்றால், ஓடும்போதே மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும்: பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் கம்ப்ரசர் கனெக்டரின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வயரிலோ ரிலேயிலோ தடை இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி, கம்ப்ரசரின் சுமை இல்லாமல் அளந்தால் கருகிய ரிலேகூட முழு 12 வோல்ட் காட்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான்.

ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பின்னும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். நாள் முழுவதும் மிகைநேரம் உழைத்த ரிலேயைப் புதுக் கம்ப்ரசரோடு வைத்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கம்ப்ரசரின் விலைக்கு முன் ரிலேயின் விலை ஒன்றுமே இல்லை.

இனி உலர்த்தி. கசிவுள்ள காரில் காற்று உள்ளே போகிறதே தவிர உலர்த்தியின் வழியே திரும்புவதில்லை; பெல்லோ வழியாகப் போய்விடுகிறது. அதனால் சிலிக்கா ஜெல் தன் ஈரத்தை விட வாய்ப்பே இல்லாமல் ஊறிப்போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கும் நம் மாவட்டத்தில், ஈரக்காற்றை இழுக்கும் உலர்த்திக்கு ஓய்வு குறைவு. கம்ப்ரசரின் வெளிக்குழாயைக் கழற்றி, முனையை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். நீர்த்துளி வந்தால் ஈரம் வால்வ் பிளாக் வரை போயிருக்கும். வெள்ளைத் தூள் வந்தால் ஜெல் உடைந்து வால்வுகளை அடைக்கத் தொடங்கியிருக்கும். கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்பவருக்கு அந்தத் துணியைக் காட்டினால் புரியும்.

10. லெவல் சென்சார்

முதலில் சென்சாரை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மோடு இணைக்கும் சிறு கம்பி உடைந்திருக்கிறதா, அதன் பந்து மூட்டு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்தில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். பல சென்சார்களின் சிக்னல் சுமார் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை நகரும். கம்பியைக் கையால் மெல்ல நகர்த்தும்போது மீட்டர் எங்கும் குதிக்காமல் சீராக ஏறி இறங்க வேண்டும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் கார்களில் சென்சாரைவிடக் கனெக்டரே முதலில் கெடுகிறது. உப்புக்காற்று புகுந்து செம்பு முனைகளில் பச்சைப் பூஞ்சைபோல் படிந்துவிடுகிறது. அதைச் சுரண்டிவிட்டு மாட்டினால் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். முனையை மாற்றி, ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

11. உயரம் சரி, ஓட்டம்தான் சரியில்லை

இது ஷாக் அப்சார்பரின் வேலை. கடினத்தை வால்வால் மாற்றும் ஷாக்குகளில், மின்சாரம் நின்றால் பல கார்களில் ஷாக் கடினமாகிவிடும். இரும்புத்துகள் கலந்த திரவத்தைக் காந்தப்புலத்தால் இறுக்கும் வகையில், மின்சாரம் நின்றால் மென்மையாகிவிடும். ஆகவே ‘தூக்கிப்போடுகிறது’, ‘தொட்டில்போல் ஆடுகிறது’ என்ற இரண்டு குறைகளையும் ஒன்றாக எழுதக் கூடாது.

கனெக்டரைக் கழற்றி, இடது வலது ஷாக்குகளின் மின்தடையை அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஸ்கேனர் கட்டளையால் குறைந்த கடினம், கூடிய கடினம் என்று மாற்றிக்கொண்டே ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்திப் பாருங்கள். வேறுபாடு கையில் தெரிய வேண்டும்.

ஷாக்கை மாற்றச் சொல்வதற்கு முன் டயர்க் காற்று, கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ், வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியின் ஸ்டெபிலைசர் லிங்க் மூன்றையும் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மட்டும் கார் ஆடுகிறது என்று ஒருவர் சொன்னால், அங்கே அடிக்கும் பக்கக்காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். குலசேகரம்–பேச்சிப்பாறைச் சாலை வளைவுகளிலும் அதே ஆட்டம் வருகிறதா என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

12. பாகத்தை மாற்றிய பின்

காற்றில்லாத புதுப் பெல்லோவின் மேல் காரின் எடையை இறக்கக் கூடாது. மடிப்பு தாறுமாறாக விழுந்து, முதல் முறை காற்று ஏறும்போதே ரப்பர் கிழியும். சக்கரம் தரையைத் தொடும் முன்பே ஸ்கேனர் கட்டளையால் சிறிது காற்றேற்றி, மடிப்பு சுற்றிலும் ஒழுங்காக உருள்வதைக் கண்ணால் பார்த்த பிறகு இறக்குங்கள்.

குழாய் முனையைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டாமல் கட்டரால் நேராக வெட்டுங்கள். பழைய இணைப்பு வளையத்தை மறுபடி பயன்படுத்த வேண்டாம். அது ஒரு முறை குழாயைக் கடித்தால் அதோடு சரி.

சென்சாரையோ பெல்லோவையோ மாற்றியிருந்தால் உயரத்தை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். நாடாவில் எடுத்த நான்கு அளவுகளை ஸ்கேனர் கேட்கும். கம்பெனி கொடுத்த அளவோடு சரிபார்த்துப் பதியுங்கள். அதன் பிறகே வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரக் கோணமும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது. பல கார்களில் ஹெட்லைட்டின் சாய்வும் இதே சென்சார்களை நம்பியிருக்கிறது. அதையும் ஒரு சுவரில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கோடுகளை இப்போது அழிக்கலாம். அழித்த பிறகு சுமார் 20 கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப வந்து, அதே மாஸ்கிங் டேப் புள்ளிகளில் அளந்து, ஃபியூஸைக் கழற்றி இன்னோர் இரவு நிறுத்துங்கள். உரிமையாளர் அன்று மாலையே சாவியைக் கேட்பார். காலை அளவைப் பார்த்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். அந்தக் காரின் பின் வலது மூலையில் மறுநாள் காலை இருந்த அளவு 393. மாலையில் 396 இருந்தது. அன்று காலை 9 மணிக்குச் சாவியைக் கொடுத்தோம்.